விலை எழும்பும் வரை

ஓய்வு பெறும் வயது எனக்கு இன்னும் வரவில்லை. எனக்கு முன்னால் என் தொழில் ஓய்வு பெற்றுவிட்டது, அவ்வளவுதான். முப்பதைத் தாண்டிய கொஞ்ச நாளிலேயே ‘முன்னாள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவன் நான்.

கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் ஏற்றுமதிப் பிரிவில் இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் இதை எழுதுகிறேன். கொழும்புக்குப் பாதை திறக்கப்போகிறது என்ற நம்பிக்கையில் உங்களைச் சேர்த்திருக்கிறார்கள். என்னையும் திரும்ப வரச்சொல்லிக் கேட்டார்கள். வரவில்லை என்றேன். அப்படியென்றால் பிள்ளைகளுக்கு ‘உலக வர்த்தகத்தின் எதிர்காலம்’ என்று ஒரு பேச்சாவது பேசு என்றார்கள். மேடையில் பேச எனக்கு வராது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். எழுதினால் கொஞ்சம் ஒழுங்காக வரும்.

நீங்கள் கேட்கும் கேள்விகள் என் காதுக்கும் வந்தன. மெக்சிக்கோவின் பணம் விழுந்ததே, அதனால் எங்கள் சரக்குக்குக் கெடுதலா? உலக நாடுகள் சேர்ந்து வர்த்தகத்துக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கியிருக்கின்றனவே, அதனால் நன்மையா? உலகம் ஒரே சந்தையாகிறது என்று வானொலியில் சொல்கிறார்களே, அந்தச் சந்தையில் எங்களுக்கு ஒரு மூலை கிடைக்குமா? நல்ல கேள்விகள். இந்தப் பிரிவில் சேர்ந்தபோது நானும் இவற்றைத்தான் கேட்டேன். பதிலுக்கு ஒரு மனிதரின் கதையைத்தான் என்னால் சொல்ல முடியும்.

மயிலிட்டிக்குக் கிழக்கே, கரையோரம், எங்கள் சங்கத்துக்கு ஒரு வாடி இருந்தது. கடலட்டை அவிக்கிற கொட்டில். நீங்கள் அட்டையை உயிரோடு பார்த்திருக்க மாட்டீர்கள். கடலடியில் கிடக்கும், வெள்ளரிப்பிஞ்சு பருமனில், தொட்டால் வழுவழு என்று இருக்கும். சுழியோடிகள் மூச்சடக்கிப் போய் அள்ளி வருவார்கள். குடலெடுத்து, பெரிய கிடாரத்தில் அவித்து, ஈரமணலில் ஓர் இரவு புதைத்து, மேல்தோலைத் தேய்த்துக் கழுவி, திரும்ப அவித்து, வெயிலில் காயவைத்தால் விறகுக் கொள்ளி மாதிரி ஆகிவிடும். அதைத்தான் சிங்கப்பூரும் ஹொங்கொங்கும் பெரிய விருந்துகளில் சூப் வைத்துக் குடிக்கின்றன.

எங்கள் ஊரில் அதை ஒருவரும் தின்பதில்லை. நாய்கூட முகர்ந்துவிட்டுப் போய்விடும். இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீன் விலைப்படாவிட்டால் குழம்பு வைக்கலாம், கருவாடு போடலாம். அட்டைக்கு உலகம் வேண்டும். உலகம் வாங்காவிட்டால் அது வெறும் கொள்ளிதான், எரிக்கவும் உதவாது.

வாடியின் முதல் சுழியோடி மரியதாஸ் அண்ணை. அவர் மனைவி றோசலின் அக்கா அவியல் பகுதியைப் பார்த்தார். வாயாடியான இன்னொரு சுழியோடியின் பெயர் சூசை. சரக்கை எடுத்து வெளிநாட்டு ஏற்றுமதியாளருக்குக் கொடுக்கிறவர் யாழ்ப்பாணம் சோனகதெருவைச் சேர்ந்த நயீம் நானா. நான் அவர்களுக்கும் சங்கத்துக்கும் நடுவில் நின்றவன். வானொலி கேட்டு, கொழும்புப் பத்திரிகை கிடைத்தால் படித்து, எப்போது விற்கலாம், எப்போது பொறுக்கலாம் என்று ஆலோசனை சொல்வது என் வேலை.

எண்பத்தேழாம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தம் வந்து பாதை திறந்தபோது அந்த வாடிக்கு வந்த உயிரை நான் பிறகு எங்கும் கண்டதில்லை. வாடைக்காற்றுத் தொடங்கினால் வடக்குக் கடல் கலங்கிவிடும், தண்ணீருக்குள் ஒன்றும் தெரியாது. அதற்குள் அள்ளுவதை அள்ளவேண்டும் என்று எல்லோரும் கடலுக்குள் இறங்கினார்கள். மரியதாஸ் அண்ணை தன் வலைகளைக்கூட விற்று அட்டைத் தொழிலில் போட்டார். அந்த நாட்களில்தான் அவர் காதிலிருந்து இரத்தம் வந்தது.

பருத்தித்துறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனவன் நான். செவிப்பறையில் ஓட்டை, இனித் தண்ணீருக்குள் போகவே கூடாது என்று டொக்டர் சொன்னார். திரும்பி வந்து பஸ்ஸால் இறங்கும்போது அண்ணை கேட்டார்.

“கடலுக்குப் போகாதை எண்டால் நான் பிறகு ஆர் தம்பி?”

நயீம் நானாதான் அதற்கு வழி சொன்னார்.

“இந்தச் சரக்கு மட்டும் சிங்கப்பூர் போய்ச் சேரட்டும். அவன் நேரை ஓடர் தாறன் எண்டு சொல்லியிருக்கிறான். பிறகு எனக்குக் கரையிலை தரம் பிரிக்க ஓர் ஆள் வேணும். உம்மைவிட்டால் ஆர் இருக்கினம்? கதிரையிலை இருந்து அட்டையைத் தடவிக்கொண்டு இரும்.”

“கதிரையோ!” என்றான் சூசை. “அண்ணை, அப்ப உங்களைப் பாக்கிறதுக்கு நாங்கள் செருப்புக் கழட்டிப்போட்டு வரோணும்.”

மரியதாஸ் அண்ணை சிரித்தார். அந்தச் சரக்கு ஏறினால் அவர் கரைக்கு வந்துவிடுவார். வாடியில் எல்லோருக்கும் அது தெரியும். சாக்குகளைத் தைக்கும்போது பெண்கள், “இது அண்ணையின்ரை கதிரைக் கால், இது கதிரை முதுகு” என்று பகிடி பண்ணித் தைத்தார்கள்.

சரக்கு ஏறவில்லை. ஐப்பசியில் மறுபடி சண்டை தொடங்கியது. பாதை பூட்டியது. அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, உங்களில் யாருக்கும் அந்த மாதம் மறந்திருக்காது. சாக்குகளைக் கொட்டிலுக்குள் அடுக்கி, மேலே தறப்பாள் போட்டு, ஊரடங்குக்குள் குந்தியிருந்தோம்.

அதே மாதத்தில்தான், ஒரு நாள் காலை, பற்றரி குறைந்த ட்ரான்சிஸ்டரைக் காதோடு ஒட்டிவைத்துச் செய்தி கேட்டேன். நியூயோர்க்கில் பங்குச் சந்தை ஒரே நாளில் விழுந்துவிட்டதாம். அடுத்தடுத்து எல்லா நாட்டுச் சந்தைகளும் விழுந்தனவாம்.

“என்ன தம்பி, உம்மடை ரேடியோ எங்களைப் பற்றி ஏதும் சொல்லுதோ?” என்று றோசலின் அக்கா கேட்டார்.

“எங்களைப் பற்றி இல்லை அக்கா. உலகத்திலை பங்குச் சந்தையள் விழுந்திட்டுதாம். ஹொங்கொங்கிலை சந்தையையே பூட்டிப்போட்டினமாம்.”

“சந்தையைப் பூட்டினால் சனம் என்னத்தைத் தின்னும்?”

“அது சாப்பாட்டுச் சந்தை இல்லை. கொம்பனியளின்ரை பங்குகளை வாங்கி விக்கிற இடம்.”

“அப்ப அங்கை மீன் ஒண்டும் நாறாது” என்றான் சூசை. “நாறாத சாமானுக்கு ஏன் இந்த ஓட்டம் ஓடுறாங்கள்?”

“விழட்டும் விழட்டும்” என்றார் அக்கா. “அங்கை விழுகிறது இஞ்சை கேக்காது. இஞ்சை விழுகிறதுதான் காதை அடைக்குது.”

எல்லோரும் சிரித்தோம். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஷெல் விழுகிற ஊரில் இருந்துகொண்டு ஹொங்கொங் பணக்காரனுக்காக யார் கவலைப்படுவார்கள்?

மாரி போய், பாதை ஒருவாறு திறந்தபோது நயீம் நானா லொறியோடு வந்தார். வாடியே எழுந்து நின்றது. பெண்கள் தறப்பாளை இழுத்தார்கள். மரியதாஸ் அண்ணை தானே முதல் சாக்கைத் தோளில் எடுத்து லொறியில் வைத்தார். பாதிச் சாக்குகள் ஏறியபிறகுதான் நானா சாக்குகளை எண்ணாமல் கீழே நிற்பதைக் கவனித்தேன்.

“என்ன நானா?”

“பாதை திறந்திட்டுது தம்பி. ஆனால் அங்காலை கதவு பூட்டு.”

சிங்கப்பூர்க்காரன் பாதி விலைதான் தருவேன் என்கிறானாம். ஹொங்கொங்கில் பெரிய விருந்து வைக்கிறவர்கள் கையைச் சுருக்கிவிட்டார்கள், கலியாணங்களில் அட்டைச் சூப்பை நிறுத்திவிட்டார்கள் என்று காரணம் சொல்கிறானாம்.

“கலியாணத்தை நிப்பாட்டேல்லைத்தானே?” என்றான் சூசை. “அப்ப சூப்பும் வரும்.”

“வரும்” என்றார் நானா. “வாப்பாவோடை கடையிலை நிண்ட காலத்திலை இருந்து பாக்கிறன். விழுந்த விலை எழும்பாமல் விட்டதில்லை. ஆனால் இண்டைக்கு அவன் சொல்லுறது பாதி. முடிவு உங்கடை.”

தம்பி தங்கச்சிமாரே, இந்த இடத்தில் எங்கள் கரையின் ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். நகரத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியாது. கரையில் மீன் ஏலம் கூறும்போது, இன்று எந்த விலையில் முடிகிறதோ அந்த விலையில்தான் நாளை ஏலம் தொடங்கும். அதனால் விலை மிகக் கீழே போனால் மானமுள்ள தொழிலாளி கையைக் காட்டி ஏலத்தை நிறுத்துவான். மீனைத் தூக்கிக்கொண்டு போய் உப்புப் போட்டுவிடுவான். அவனுக்கு அன்று நட்டம். ஆனால் அவன் பின்னால் கரைக்கு வருகிற அத்தனை வள்ளங்களின் விலையையும் அவன் காப்பாற்றிவிட்டான். அவசரத்துக்கு மலிவாகக் கொடுத்தவனோடு கரையில் கொஞ்சக் காலம் ஒருவரும் முகம்கொடுத்துக் கதைக்க மாட்டார்கள்.

லொறியைச் சுற்றி நின்ற எல்லோருக்கும் அந்த வழக்கம்தான் மனதில் ஓடியது. எனக்கும் தெரிந்தது. ஆனால் எல்லோரும் மரியதாஸ் அண்ணையின் காதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாதி விலைக்குப் போனாலும் சரக்குப் போகும். சரக்குப் போனால் அவர் கரையில்.

நான் சொன்னேன்: “அண்ணை, விலை பிறகு எழும்பும்தான். எண்டாலும் இப்ப குடுப்பம். நட்டம்தான். ஆனால் நீங்கள் கரைக்கு வந்திடுவியள்.”

அவர் தலையாட்டினார், மாட்டேன் என்று.

“இண்டைக்கு நான் பாதிக்கு இறக்கினால் நாளைக்கு இவன் சூசை பாதியிலை இருந்துதான் தொடங்கோணும். என்ரை ஒரு காதுக்காக ஊரின்ரை விலையை இறக்கேலாது.”

“அண்ணை, இது கரை இல்லை. நாங்கள் தூக்கிக்கொண்டு போனால் அங்கை ஒருத்தரும் திரும்பிப் பாக்கமாட்டினம். பிலிப்பைன்ஸ்காரன், இந்தோனேசியாக்காரன், இன்னும் பேர் தெரியாத தீவுக்காரங்கள் எல்லாம் கொண்டுபோய்க் கொட்டுறாங்கள். எங்கடை சாக்கு வரேல்லை எண்டதே அவங்களுக்குத் தெரியாது.”

“தெரியாதெண்டால்?” அவர் உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டார். “ஒரு வாடியே சரக்கைத் தூக்கிக்கொண்டு போகுது. ஆரும் காணாமல் இருப்பினமோ?”

வாங்குகிறவனின் முகத்தைப் பார்த்தே விற்றுப் பழகியவர். யாரும் யாரையும் பார்க்காத ஒரு சந்தை இருக்கிறது என்பதை எந்தச் சொல்லால் அவருக்குக் காட்டுவது? உங்கள் சரக்கை மட்டும் தனியாகப் பிரித்து விற்போம் என்றும் சொல்லிப்பார்த்தேன். “கூட்டாளியளை நடுக்கடலிலை விட்டுப்போட்டு என்னை மட்டும் வள்ளத்திலை ஏத்துறியோ?” என்று சிரித்தார். மற்றவர்களின் முகங்கள் தெளிந்தன. அண்ணை ஊரின் பக்கம் நின்றுவிட்டார் என்ற தெளிவு.

அடுப்படியில் நின்ற றோசலின் அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எழும்பும் எழும்பும் எண்டு எல்லாரும் சொல்லுறியள். எப்ப எண்டு ஆருக்கும் தெரியுமோ?”

ஒருவருக்கும் தெரியவில்லை. ஏற்றிய சாக்குகளை ஏற்றிய கைகளே இறக்கின. வெறும் லொறி திரும்பிப் போன சத்தத்தை இப்போதும் என்னால் கேட்க முடியும். பாரம் இல்லாத லொறி மேடுபள்ளத்தில் அதிகம் ஆடும்.

வலை வைத்திருந்தவர்கள் வலைக்குத் திரும்பினார்கள். மரியதாஸ் அண்ணையிடம் வலை இல்லை. அப்போது உள்ளூர் வியாபாரி ஒருவர் சங்கு வாங்கிக்கொண்டிருந்தார். சங்கு அட்டையைவிட ஆழத்தில் கிடக்கும். அண்ணை பஞ்சை நல்லெண்ணெயில் தோய்த்துக் காதை அடைத்துக்கொண்டு போனார்.

“விலை எழும்பும் வரைக்கும்தான்” என்றார் என்னிடம். “கொஞ்ச நாள் மூச்சை அடக்கினால் முடிஞ்சுது.”

சோளகக் காற்றுத் தணிந்து கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்த ஒரு காலை. வள்ளத்தில் கூட நின்றவன் சூசை. பகிடி இல்லாமல் அவன் எனக்குச் சொன்ன ஒரே சங்கதி அது.

“நல்லாத்தான் போனவர். சங்கு எடுத்திட்டார், கையிலை இருந்தது. மேலை வரப்போறார் எண்டு நான் கயிறு போட்டன். அவர் திரும்பி, காலை அடிச்சு, கீழை போறார். தடுமாறேல்லை. மேலை வாற ஆள் மாதிரியே, நேரை, கெதியா, கீழை போனார்.”

செவிப்பறை ஓட்டைக்குள் குளிர்நீர் புகுந்தால் தலை சுற்றும், எது மேல், எது கீழ் என்ற அறிவு போய்விடும் என்று டொக்டர் பிறகு விளக்கினார். கரைக்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே அவர் போயிருப்பார். நான் அதற்கு மேல் அதை யோசிப்பதில்லை.

விலை எழும்பியது. நானா சொன்னபடியே, ஏன், என் கணிப்பின்படியும்தான். அடுத்த ஆண்டு அவர் மோட்டார் சைக்கிளில் வந்து வாடி வாசலிலேயே சத்தம் போட்டார். பழைய விலை மட்டுமல்ல, அதற்கும் மேலே. சிங்கப்பூர்க்காரன் சரக்கு எங்கே, சரக்கு எங்கே என்று கேட்கிறானாம். சொல்லி முடித்தபிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

வாடி அவரைப்போல் தயங்கவில்லை. சூசை சாக்கின் மேல் ஏறி நின்று கத்தினான்: “அண்ணை பிடிச்சு வச்ச விலையடா இது! அண்டைக்கு அவர் கை காட்டி நிப்பாட்டினதாலைதான் இண்டைக்கு இந்த விலை!” எல்லோரும் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அழுதுகொண்டும் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் சுவாமியாரும் அதையே சொன்னாராம், தன் ஊருக்காக விலையைக் காத்த மனிதர் என்று. அந்தச் சரக்கு ஏறிப்போனபோது சாக்குகளுக்கு மேல் பூமாலை போட்டார்கள்.

லொறி போனபின் றோசலின் அக்கா என்னைக் கூப்பிட்டார். கிடாரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

“தம்பி, நீர் படிச்சனீர். எனக்கு ஒண்டைச் சொல்லும். அண்டைக்கு அவர் பாதி விலைக்குக் குடுத்திருந்தால், இந்த விலை வந்திராதோ?”

நீங்கள் இந்தத் தொழிலில் பல நெருக்கடிகளைக் காண்பீர்கள். லொறி வராது, சரக்குப் பூஞ்சணம் பிடிக்கும், வாங்குகிறவன் ஏமாற்றுவான். அவற்றுக்கெல்லாம் ஏதோ ஒரு வழி உண்டு, இல்லாவிட்டால் நட்டத்தோடு போகும். என் தொழில் வாழ்க்கையில் எனக்கு வந்த நெருக்கடி அந்தக் கேள்விதான். ‘வந்திராது அக்கா, அவரால்தான் வந்தது’ என்று ஒரு வசனம் சொன்னால் போதும். ஊர் முழுக்க அதைத்தான் சொல்லியிருக்கிறது. அவருடைய சாவுக்கு ஓர் அர்த்தம் இருக்கும். ஆனால் கேட்டவர், அன்று லொறியடியில் ‘எப்ப’ என்று கேட்ட அதே மனிசி. அவருக்குப் பொய் சொல்ல என் நாக்கு எழும்பவில்லை.

“வந்திருக்கும் அக்கா” என்றேன். “அவர் குடுத்திருந்தாலும் வந்திருக்கும். குடுக்காட்டிலும் வந்திருக்கும்.”

தேய்க்கிற கை அப்போதுதான் நின்றது.

“ஓம்” என்றார். “எனக்குத் தெரியும். அந்தச் சந்தைக்கு அவரைத் தெரியாது. நீர் சொல்லுவீரோ எண்டுதான் கேட்டனான்.”

திரும்பவும் கிடாரத்தைத் தேய்க்கத் தொடங்கி, “மற்றவைக்குச் சொல்லிப்போடாதையும். அவையள் சந்தோசமா இருக்கினம்” என்றார்.

நான் சொல்லவில்லை. இன்றைக்கு அந்த வாடி இல்லை. தொண்ணூறில் அந்தக் கரையே வெறுமையாகிவிட்டது. அதே ஆண்டு நயீம் நானாவும் அவருடைய சனங்களும் யாழ்ப்பாணத்தை விட்டு வெறுங்கையோடு வெளியேற்றப்பட்டார்கள். அதைப்பற்றி எழுதுகிற துணிவு எனக்கு இல்லை. அவர் எந்த முகாமில் இருக்கிறார் என்றும் தெரியாது. சூசை கடல் கடந்து போய்விட்டான். றோசலின் அக்கா அளவெட்டியில் ஒரு தோட்டக்காரரின் காணியில் கொட்டில் போட்டு இருக்கிறார். உங்களுக்கு இதை எழுதலாமா என்று போனகிழமை போய்க் கேட்டேன். “எழுதும். இனி ஆர் இருக்கினம் மறைக்கிறதுக்கு?” என்றார்.

ஆகவே உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். மெக்சிக்கோ எழும்பும். அதற்குப் பிறகு இன்னொரு நாடு விழும், அதுவும் எழும்பும். உலகச் சந்தை இன்னும் பெரிதாகும், ஒன்றாகும், எங்கள் பாதையும் ஒரு நாள் திறக்கும். அதில் எங்கள் அட்டைக்கும் இறாலுக்கும் இடம் இருக்கும். ஆனால் அந்தச் சந்தைக்கு உங்கள் கரையில் நிற்கிற ஒருவரையும் தெரிந்திருக்காது. அது விழும்போதும் அவர்களைக் கேட்டு விழாது, எழும்போதும் அவர்களுக்காகக் காத்திராது. இதற்கு என்னிடம் மருந்து இல்லை. இருந்தால் நான் வேலையை விட்டிருக்க மாட்டேன்.

ஒரு நாள் விலை விழுந்த செய்தியோடு நீங்கள் ஒரு கரைக்குப் போவீர்கள். காதில் பஞ்சு அடைத்த ஒருவர் உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார். படித்ததை எல்லாம் நினைத்துப் பார்த்து, நேர்மையாகக் கணக்குப் போட்டு, “பொறுங்கோ அண்ணை, விலை எழும்பும்” என்று சொல்வீர்கள்.

நீங்கள் சொன்னது சரியாகவும் இருக்கும். எனக்கு அதுதான் பயம்.